விளக்கை அணைக்கும் உத்தியோகம்

விளக்குப் போட்டவரை ஊர் கும்பிடும், அணைத்தவரை முறைக்கும். எழுபதுகளின் மின்வெட்டுக் காலத்தில், சர்க்கார் கட்டிடங்களில் வீணாகும் கரண்டைக் குறைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. ஆளில்லாத அறையில் ஃபேன் சுற்றினால் வயிறெரியும் என்னைப் போன்றவர்களுக்கு இது புரியும்.

கோவிந்தாபுரம் பக்கத்தில் ஒரு வளாகம். ஒரே கரண்ட் லைனில் இரண்டு ஆபீஸ், கடைசியில் சிறிய ஆஸ்பத்திரி. ஆபீஸ்கள் இழுத்தது போக மிச்சம்தான் பிரசவ அறைக்கு. பல்பு தணல் மாதிரி சிவந்து கிடக்கும். சிஸ்டர் ஒரு கையில் லாந்தரோடு பிரசவம் பார்ப்பார். புது லைன் கிடையாது என்று மேலே கைவிரித்துவிட்டார்கள். ஆபீஸ்கள் குறைத்தால்தான் உண்டு.

காற்றுக்கு ஆணி

மலைக் கணவாய் வழியே வீசும் தை மாதக் காற்றில் காகிதம் பறக்கிறதென்று முதல் ஆபீசில் ஜன்னல்களை ஆணியடித்து மூடியிருந்தார்கள். இருட்டியதால் பட்டப்பகலில் விளக்கு. புழுங்கியதால் ஃபேன். ஃபேன் காற்றுக்குக் காகிதம் பறக்காமலிருக்க மேஜைதோறும் கூழாங்கற்கள்!

எனக்குப் பேச்சு வராது. ஆணிகளைப் பிடுங்க வைத்து, ஃபேனை நிறுத்தினேன். வெளிக்காற்று வந்தது, கல்லடியில் காகிதம் அசையவில்லை. தலைமைக் குமாஸ்தா சட்டைப் பொத்தானைத் தளர்த்தியபடி கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, இந்தக் காத்த இத்தன நாளா வெளிய நிறுத்தி வெச்சது ஆருங்க?"

காலி நாற்காலி

அடுத்த ஆபீசில் அதிகாரி முகாம் போயிருந்தார். அவருடைய காலி நாற்காலிக்கு மேலே ஃபேன் ஓடியது. நான் அணைக்க, பியூன் போட, மறுபடி நான் அணைக்க... ஃபேன் நின்றால் அதிகாரி இல்லையென்று தெரிந்து ஜனங்கள் தன்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்றார் பியூன்.

வாதாடத் தெரியாமல், பியூனைப் பிரசவ அறை வாசலில் நிறுத்தி, பல்பைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு ஆபீசிலும் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஓடிவந்தார். "நம்ம கரண்ட் நின்னா அங்க வெளிச்சம் வருதுங்களே! மொதல்லயே சொல்றதுக்கென்னங்க, வாயில கொழுக்கட்டையா?"

வெள்ளை வெளிச்சம்

அதன் பிறகு ஆபீஸ் பூட்டும்போது ஒவ்வொரு சுவிட்சையும் பியூனே தடவிப் பார்ப்பார். ஒருநாள் பொழுது சாய்கையில், கடலைக்காட்டில் வேலை செய்த பெண் ஒருத்தியைப் பிரசவ வலியோடு வண்டியில் கொண்டுவந்தார்கள். நான் வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியே வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது. குழந்தை அழுதது. ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு முன்பே சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "அம்மிணி, இன்னைக்கு என்ற ரெண்டு கையும் புள்ளைக்கே இருந்துச்சுங்க."

அணைத்ததற்கெல்லாம் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. ஆனாலும் அந்த வழியாகப் போகும் பஸ்ஸில், அந்த ஆஸ்பத்திரி வெளிச்சம் தெரியும் ஜன்னலோர இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.