ஷிண்டேவுக்கு ஒரு ‘ஸ்டேச்சர்’

ரிட்டயர் ஆகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் பாராட்டு மடல் எழுதுவது என் வேலையே இல்லை. பதினான்கு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ரஞ்சன்காவ் என்ற மராத்தி ஊரின் தொழிற்சாலை ஒன்றில் நான் கிளார்க். ‘தமிழ்க்காரி, இங்கிலீஷ் நன்றாக வரும்’ என்று முதல் வாரமே தலையில் கட்டிவிட்டார்கள். ஒரு வேலையைத் தெரியாத்தனமாக ஒழுங்காகச் செய்து மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஐந்தடி மானேஜர்

ஒரு மானேஜருக்கு ‘ஸ்டேச்சர்’ (stature) உள்ள மனிதர் என்று எழுதித் தொலைத்தேன். அதிலிருந்து எல்லா மானேஜருக்கும் அதே சொல் வேண்டும். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, படிக்கும்போது யாராவது சிரிப்பார்களோ என்று கவலைப்பட்டார். உயரத்துக்கும் அதுதான், மதிப்புக்கும் அதுதான் சார் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“அப்படின்னா ரெண்டு இடத்துல போட்டுடுங்க.”

அகராதி பார்த்த வினை

ஷிண்டே பிரஸ் மெஷின் ஆபரேட்டர். முப்பத்தொரு வருஷம் அந்த மெஷின் முன்னால் நின்றவர். தொழிலாளிகளுக்கு இரண்டு வரிக் கடிதம்தான் வழக்கம். ரிட்டயர் ஆகும் வாரம் என் மேஜைக்கு வந்து, மானேஜர்களுக்குப் போடும் அந்தச் சொல் தனக்கும் வேண்டும், ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டணும் என்று கூச்சத்தோடு கேட்டார்.

அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் ‘நிற்பது’ என்பதிலிருந்து வந்த சொல்லாம். இந்தக் கம்பெனியில் இவரைவிட அதிகம் நின்றவர் யார்? ஆசையாக எழுதிக் கொண்டுபோனேன். என் மேலதிகாரி பேனாவை எடுத்து அந்தச் சொல்லின் மேல் ஒரே கோடு கிழித்தார்.

“இது ஆபீசர்களுக்கான வார்த்தை மேடம். ஒர்க்கருக்கு ‘ஹார்ட் ஒர்க்கிங்’ போதும்.”

ஷிஃப்ட் முடிந்ததும்

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதே சொல்லோடு மறுபடி டைப் அடித்து, லீவு விண்ணப்பங்களுக்கு நடுவில் செருகி அவரிடமே கையெழுத்து வாங்கினேன்.

மானேஜர்களுக்கு ஹால், மேடை, நாற்காலி, சால்வை, தேங்காய். தொழிலாளிக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மெஷின் பக்கத்திலேயே விழா; எல்லோரும் நின்றபடிதான். மடலை நான்தான் வாசித்தேன்; ‘ஸ்டேச்சர்’ வந்த இடத்தில் அர்த்தத்தை மராத்தியிலும் சொன்னேன். அதிகாரி முகம் சிவந்தது. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ஷிண்டே ஃபிரேம் போட்ட மடலை மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை மெஷினில் ஊன்றி, வலிக்கிற முழங்காலை மெல்ல மடக்கினார்.

“ரொம்ப நல்லா இருக்கு மேடம். இப்பவாவது ஒரு நாற்காலி போடச் சொல்றீங்களா?”

பதினான்கு வருஷமாக நல்ல சொல்லாகத் தேடித் தேடி எழுதியவளுக்கு, ஒரு நாற்காலி கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.