அத்தையின் மேசைத் தராசு

அத்தை வக்கீலுக்குப் படித்து, நெய்யாற்றின்கரை கோர்ட்டில் ஒரு மூத்த வக்கீலிடம் மூன்று வருடம் ஃபைல் தூக்கி, பிறகு பாறசாலையை ஒட்டிய எங்கள் வீட்டு முன்னறையில் சொந்தமாக ஆபீஸ் திறந்தபோது நான் ஆறாம் வகுப்பில் இருந்தேன். பலகை மாட்டிய அன்று சபைப் போதகர் வந்து ஜெபம் செய்தார், கேக் வெட்டினோம். அதன் பிறகு நாலு மாதம் ஒருவரும் வரவில்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் அப்பாவைத் தேடி வந்தவர்கள்.

அப்பா அத்தைக்கு அண்ணன். கெட்டவர் அல்ல, ஆனால் துபாயில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். கிறிஸ்துமஸுக்குள் ஒரு கேஸாவது வந்தால் அந்தப் பேச்சை விட்டுவிடுவது, வராவிட்டால் அத்தை மறுபேச்சில்லாமல் தலையாட்டுவது என்று வீட்டில் முடிவானது. அத்தை அதை ஒரு தாளில் எழுதி, தானும் கையெழுத்துப் போட்டு, அப்பாவிடமும் வாங்கினாள். அந்த ஆபீஸில் எழுதப்பட்ட முதல் பத்திரம் அதுதான். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

கேஸ் வராததற்கு மேசைதான் காரணம் என்று அத்தை கண்டுபிடித்தாள். அது கம்ப்யூட்டர் மேசை. கீபோர்டு வைக்கும் பலகை அவ்வப்போது தானாக நழுவி வந்து அத்தையின் வயிற்றில் இடிக்கும்.

“எங்க சீனியருக்க மேசையில ஒரு வெண்கல மசிக்கூடு உண்டு மக்கா. அதுல மசியே கிடையாது. ஆனா வாறவன் எல்லாம் அதைப் பாத்துத்தான் முதல்ல கும்பிடுவான். வக்கீல்னா பழசா இருக்கணும். நான் பழசாக இன்னும் முப்பது வருஷம் ஆகும். மேசையை இப்பமே ஆக்கலாம்லா?”

எனக்கு ஜூனியர் பதவி கிடைத்தது. கட்சிக்காரர் முன்னால் ஜூனியர் வாய் திறக்கக் கூடாது என்பது மட்டும்தான் சட்டம். இரண்டு சனிக்கிழமை ஸ்கூட்டரில் சுற்றினோம். அம்பூரியில் அம்மாவின் சித்தி வீட்டில், ரப்பர் மரத்தில் பால் வெட்டித் தேய்ந்துபோன ஒரு கத்தி கிடைத்தது. தபால் உறை கிழிக்க என்று அத்தை அதை மேசையில் வைத்தாள். பொழியூரில் அவளோடு படித்தவளின் அம்மா, படகில் தொங்கிய பித்தளை விளக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். “கொண்டு போ மக்களே, இல்லேன்னா அடுத்த மழைக்கு கடல் கொண்டு போயிரும்” என்றார். கடல் அவர்கள் வீட்டுக் கொல்லைச் சுவர்வரை வந்திருந்தது. விரல் விட்டுச் சுழற்றுகிற கறுப்புத் தொலைபேசி சபை அலமாரியில் இருந்து வந்தது. மசிக்கூடு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, இடுப்பு சிறுத்து வாய் அகன்ற ஒரு பித்தளைப் பாத்திரத்தில் பேனாக்களைக் குத்தி வைத்தோம். அது அந்தக் காலத்தில் வெற்றிலை துப்புகிற கோளாம்பி என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்காததால் அவள் சொல்லவில்லை.

கடைசியாக வந்தது தராசு. எங்கள் சபையில் எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருவர் உண்டு. அவர்களுடைய அப்பா தெருமுக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அவர் இறந்த பிறகு கடைக்கு அண்ணன் ஒரு பூட்டு, தம்பி ஒரு பூட்டு என்று இரண்டு பூட்டுகள். யாரும் திறக்க முடியாது. சபைக் கோயிலில் அண்ணன் வலது ஓரம், தம்பி இடது ஓரம். தராசு மட்டும் எப்படியோ அண்ணன் வீட்டுப் பரணில் இருந்தது. அத்தை கேட்டதும், “சும்மா கிடக்கது தானே, எடுத்துக்கோ பிள்ளே” என்றார்.

மேசை மிரட்டும்படி ஆகிவிட்டது. ஆட்களும் வரத்தான் செய்தார்கள். அடுத்த வீட்டுத் தாத்தா வந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது ரொம்ப இயல்பாகக் குனிந்து பேனாக்களின் மேல் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுப் போனார். காரில் வந்த ஒருவர் படகு விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இது கொடுக்கானுள்ளதாணோ?” என்று மலையாளத்தில் விலைக்குக் கேட்டார். விற்பதற்கு இல்லை என்றதும், வேறு என்னதான் இங்கே வியாபாரம் என்று குழம்பிப் போனார். என் வகுப்புப் பிள்ளைகள் தொலைபேசியைச் சுழற்ற வரிசையில் நின்றார்கள்.

அப்பா வாசலோடு போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். “ஏட்டி, கோர்ட்டா மியூசியமா?”

வீடுகளில் நட்சத்திரம் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அத்தை சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

அப்படி ஒரு மத்தியானம் தம்பிக்காரர் வந்தார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். பலகை நழுவி வந்து வயிற்றில் இடித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல், “இருங்க அண்ணே” என்றாள். அவர் உட்காரவில்லை.

“இது எங்க அப்பனுக்க தராசாக்கும்.”

“ஆமா. உங்க அண்ணன் தந்தது.”

“அதைத் தர அவன் ஆரு? பாகம் வைக்காத சொத்து இது. எனக்கும் பாதி உண்டு.”

அத்தை தராசைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பி, “மக்கா, ஓடிப்போய் அவருக்க அண்ணனைக் கூட்டிட்டு வா” என்றாள்.

நான் ஓடினேன். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கழுவாத கையோடு வந்தார். இருவரும் மேசையின் இரண்டு முனையில் நின்றார்கள்.

“வக்கீலம்மா, கொடுத்த பொருளைத் திருப்பிக் கேக்கதுக்கு நான் வரலைன்னு அவன்கிட்ட சொல்லுங்க” என்றார் அண்ணன்.

“கொடுக்கதுக்கு அவருக்கு அதிகாரம் இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க” என்றார் தம்பி.

அத்தை எதையும் யாரிடமும் சொல்லவில்லை. அது அவசியமாகவும் இல்லை. ஐந்தாறு வாக்கியம் அத்தை வழியாகப் போய் வந்தன. ஏழாவது வாக்கியத்தில் அண்ணன் மறந்துபோய், “எலே, அப்பன் ஆஸ்பத்திரில கிடந்தப்போ நீ எங்கலே போனா?” என்று நேராகக் கேட்டுவிட்டார். தம்பியும் மறந்துபோய்ப் பதில் சொன்னார். எட்டு வருடப் பாக்கியையும் அன்று பேசித் தீர்த்தார்கள். அம்மா இரண்டு தடவை சாயா கொண்டு வந்து வைத்தாள். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் அத்தையிடம் திரும்பி, மற்றவர் மேல் கேஸ் போடச் சொன்னார்கள்.

ஒன்று கேட்டால் இரண்டு கேஸ்.

அத்தை மெதுவாகச் சொன்னாள். “ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் கோர்ட்டுல நிக்க முடியாது அண்ணே. கோர்ட்டுக்குப் போனா தீர்ப்பு கேக்க உங்க பேரப்பிள்ளைங்கதான் போகணும். ரெண்டு பேரும் சம்மதிச்சா, இந்த மேசையிலயே பாகப்பத்திரம் எழுதித் தாறேன்.”

இருவரும் யோசித்தார்கள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். கடையின் முன்பக்கம் ஒருவருக்கு, பின்பக்கமும் கிணறும் மற்றவருக்கு என்று பெரிய விஷயங்கள் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன. தராசுக்குத்தான் ஒன்றரை நாள் ஆனது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவில் அத்தை ஆளுக்கு ஒரு தட்டு என்று எழுதினாள். நடுவில் இருக்கிற கோல் வக்கீலம்மாவுக்கே இருக்கட்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எட்டு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. அப்பா பத்திரத்தை இரண்டு தடவை வாசித்தார். இது கேஸில் சேருமா என்று கேட்கத்தான் அவருக்கு ஆசை. அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பிறகு செல்ஃபோனை எடுத்துக்கொண்டு தென்னை மரத்தடிக்குப் போய், துபாய்க்காரர்களிடம் வெகுநேரம் பணிவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அத்தை சங்கிலிகளைக் கழற்றித் தட்டுகளைக் கொடுத்தாள். அண்ணன் தன் தட்டை ஒரு பழைய செய்தித்தாளில் பொதிந்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சொல்லிக்கொண்டு போனார். தம்பி போகவில்லை. அவர் தன் தட்டோடு ஜன்னல் பக்கம் திரும்பி, அதை முகத்துக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தார். ஒரு தடவை முகர்ந்துவிட்டு, தட்டைத் திருப்பி அடிப்பக்கத்தையும் முகர்ந்தார்.

எங்கள் ஆபீஸின் சுத்தத்தை ஒருவர் சந்தேகப்படுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

“நான்தான் மாமா புளி போட்டு மூணு தடவை தேய்ச்சேன்” என்றேன். “கருப்பட்டி மணம், மல்லி மணம் ஒண்ணும் இருக்காது. முதல்ல என்னா மணம் தெரியுமா?”

அவர் தட்டைக் கீழே இறக்கினார்.

“ஆமா மக்கா. ஒண்ணுமே இல்லை” என்றார்.

மேசைக்கு அடியில் அத்தை என் காலை ஓங்கி மிதித்தாள். கட்சிக்காரர் முன்னால் ஜூனியர் பேசக் கூடாது என்ற சட்டத்தை மீறியதற்காக என்று நினைத்து, நான் வாயை மூடிக்கொண்டேன்.