கருவிழியை நகர்த்த ஒரு வசதி

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படம் திருத்தும் சாஃப்ட்வேரில் எது குறைந்தாலும் உடனே அந்தக் கம்பெனிக்கு எழுதிவிடுவேன். உங்கள் யோசனையைச் சொல்லுங்கள் என்று அதிலேயே ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். கட்டம் இருந்தால் நிரப்பாமல் விடுவேனா? ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித் தேறிய ஆள்தான் நான், ஆனாலும் வெட்கப்படாமல் எழுதுவேன். தமிழில் டைப் அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிய்ந்துபோகிறது, சரிசெய்யுங்கள் என்று வருஷக்கணக்காகக் கேட்டேன். குரூப் போட்டோவில் நிற்கும் இருபது பேர் முகத்துக்கும் ஒரே தட்டில் வெளிச்சம் ஏற்ற வழி கேட்டேன். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் தூசு படிந்து மாப்பிள்ளைத் தோழனெல்லாம் கிழவனாகத் தெரிகிறான், அதற்கும் ஒரு வசதி வேண்டும் என்றேன். "ஒரு நாளு அந்தக் கம்பெனிக்காரன் பொட்டியத் தூக்கிட்டு நம்ம வூட்டுக்கே வந்து நிக்கப் போறான்" என்பாள் என் மனைவி.

கேட்டதில் பாதி வந்தது. நான் கேட்டதால் வந்தது என்று பீற்றிக்கொள்ள மாட்டேன்; ஊர் உலகமெல்லாம் கேட்டிருக்கும். ஆனால் ஒன்றை மட்டும் நான் ஒவ்வொரு வருஷமும் விடாமல் கேட்டேன். படத்தில் இருப்பவரின் கருவிழியைப் பிடித்து இழுத்தால், வெட்டுத் தெரியாமல் அது நகர வேண்டும். இதைக் கேட்டது தொழில் ஆசையால் அல்ல, குற்ற உணர்ச்சியால்.

ஸ்டுடியோ தொடங்கிய புதிது. இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற ஒருவர் வந்தார். மனைவி காய்ச்சலில் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு பெண் குழந்தை, இன்னும் பேச்சு வரவில்லை. காரியத்துக்குள் படம் வேண்டும் என்றார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு போட்டோ. திருமழபாடி கோயிலில் தாலி கட்டியபோது நண்பர் யாரோ எடுத்தது. பெண் வீட்டை எதிர்த்துச் செய்துகொண்ட கல்யாணம். அந்தப் படத்தில் அவள் ஃபிளாஷுக்குக் கண்ணை மூடியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் கண் மூடிய படத்துக்கு மாலை போட மாட்டார்கள். ஸ்டுடியோக்காரன்தான் கண் திறந்து கொடுக்க வேண்டும். அப்படித் திறந்த கண் என்பதைப் பிறகு வீட்டில் யாரும் பேசுவதில்லை. கும்பிடுகிற படத்தைப் பற்றி அப்படிப் பேசுவது தோஷம். இந்த வேலைக்காகவே என் கம்ப்யூட்டரில் 'கண்கள்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்தவர்களின் கண்கள், ஆண் தனி, பெண் தனி. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், அவளுக்கு எடது கண்ணு லேசா மூக்குப் பக்கம் ஒதுங்கியிருக்கும். மாறுகண்ணு. அது இருந்தாத்தான் சார் அவளாட்டம் இருக்கும்."

"நான் பாத்துக்கிறேங்க" என்றேன்.

எங்கே பார்த்துக்கொண்டேன்? என் ஃபோல்டரில் மாறுகண் ஒன்றுகூட இல்லை. கருவிழியைத் தனியே வெட்டி நகர்த்திப் பார்த்தேன், பொம்மைக் கண் மாதிரி முழித்தது. இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு டீச்சரின் கண்களை எடுத்து வைத்துவிட்டேன். அளவெடுத்த மாதிரி பொருந்தியது. செத்த பிறகாவது குறையில்லாமல் இருக்கட்டுமே என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பிரிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

போன வருஷம் கம்பெனிக்காரன் கடைசியில் அந்த வசதியைக் கொடுத்துவிட்டான். இழுத்தால் கருவிழி வழுக்கிக்கொண்டு போகிறது. பார்த்ததும் லாரிக்காரர் நினைவுதான் வந்தது. அவரைத் தேடிப் போய்ப் படத்தைத் திருத்திக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கையில் ஃப்ரேம் போட்ட படம். "பின்னாடி உங்க கடை ஸ்டிக்கர் இருந்துச்சு சார், அதான் இங்கயே வந்தேன். பங்குனியில திருமழபாடி போயி நந்தி கல்யாணம் பாத்தேன், எனக்கும் அமைஞ்சிருச்சு. 'நந்தி கல்யாணம் பாத்தா முந்தி கல்யாணம்'னு சும்மாவா சொல்றாங்க? மண்டபத்துக்கு ஃபிளெக்ஸ் வேணும். மேல அம்மா அப்பா படம், நடுவுல நாங்க ரெண்டு பேரு."

ஃப்ரேமில் இருந்தவை அந்த டீச்சரின் கண்கள். நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இடது கண், லேசாக, மூக்குப் பக்கம்.

படங்களை ஏற்றினேன். திரையில் அம்மாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். "அப்பா வரலையாம்மா?" என்றேன்.

"அப்பா தவறி எட்டு மாசமாச்சு சார். அம்மா வழியில யாரும் வந்துபோறதில்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சார், ஃபிளெக்ஸுல என் கண்ண மட்டும் நேராக்கிடுங்க. மாறுகண்ணு ராசின்னு வாய்தான் சொல்லுது, பாக்குறவங்க சிரிக்கத்தானே செய்யுறாங்க. அம்மாவுக்குப் பாருங்க, எவ்வளவு நேரான கண்ணு! நான் அழுவுறப்பல்லாம் அப்பா, 'இது உங்க அம்மா கண்ணுதாண்டி'ம்பாரு. எனக்குக் கோவந்தான் வரும். படம் கண்ணு முன்னாடி இருக்கு, இவரு வாய் கூசாம பொய் சொல்றாரேன்னு. கடைசி வரைக்கும் அதையேதான் சார் சொன்னாரு."

உங்க அப்பா சொன்னதுதாம்மா நெசம், பொய் சொன்னது நான். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மவுஸ் அப்போது அம்மாவின் இடது கண்மேல் இருந்தது. ஒரே இழுப்பு, மூக்குப் பக்கம். பெற்றவளின் கண் அவளுக்குக் கிடைத்திருக்கும், அப்பாவின் வார்த்தையும் மெய்யாகியிருக்கும். கல்யாணப் பெண்ணை அழவைக்கக் கூடாது என்று நினைத்தேன் என்று எழுதினால் அதுவும் பொய். பயந்தேன். அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயந்தேன். மவுஸை நகர்த்தி மகளின் கண்ணுக்குக் கொண்டுபோய், கருவிழியை நடுவுக்கு இழுத்தேன். துளி தடயம் இல்லாமல் வந்தது.

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "இப்பதான் சார் நான் எங்க அம்மா மாதிரி இருக்கேன். அப்பா இருந்திருந்தா காட்டியிருப்பேன்."

ஃபிளெக்ஸ் எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேட்டேன்.