மூணு மணிக்கு உலக முடிவு

பக்கத்தில் வந்து உட்காருங்கள். சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் படம் பார்ப்பதில்லை. பார்த்துவிட்டு வருகிற முகங்களைத்தான் பார்க்கிறான். நின்றே பிழைத்துக் கால் கடுத்தவர்களுக்கு இது தெரியும்.

போர்டு

பாறசாலையும் நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சியில் இருந்த காலம். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் நான் டிக்கெட் கிழித்த கொட்டகை. ஒரு இங்கிலீஷ் படம் வந்தது. கடைசி நாளில் ஆண்டவர் வந்து தமக்கு வேண்டியவர்களை மேலே எடுத்துக்கொள்கிற கதை. வானத்தில் எக்காளம் ஊதும். வயலில் கொத்திக்கொண்டிருக்கிறவன் சட்டென்று மறைவான். துணியும் மண்வெட்டியும் மண்ணில் கிடக்கும். கைவிடப்பட்டவர்கள் கதறுவார்கள். வேதத்தில் உள்ளதை அப்படியே எடுத்திருக்கிறார்கள் என்று பாதிப் பேர், தெய்வ நிந்தனை என்று பாதிப் பேர். சபையில் வேதம் சொல்லிக்கொடுக்கிற ஒரு உபதேசியார் வாசலில் குடையை ஊன்றி நின்றார். சண்டை போடவில்லை. போர்டைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"ஆண்டவர் வரும் நேரம் தூதர்களுக்கே தெரியாது. நீங்க மூணு மணி, ஆறரை மணின்னு எழுதிப் போட்டிருக்கியளே?"

துண்டு

பாறசாலையில் மரச்சீனிக் கிழங்கு பயிரிடுகிற தாசையா, அடுத்த வீட்டுச் சாமுவேலோடு வந்தார். பாதிப் படத்தில் சாமுவேல், இடம் போய்விடக் கூடாதென்று பெஞ்சில் துண்டைப் போட்டுவிட்டு ஒண்ணுக்குப் போனார். எக்காளம் ஊதியது. தாசையா பக்கத்தில் திரும்பினால் துண்டு மட்டும் கிடக்கிறது. வாசலுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சாமுவேல் வேட்டியைச் சரிசெய்துகொண்டே எதிரே வந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை.

"அந்தக் குடிகாரனை எடுத்துட்டு என்னை விட்டுட்டாருன்னு நம்பிட்டேன் அண்ணாச்சி. அப்பம் எனக்க மனசுல என்னமோ கெடக்குல்லா?"

மண்வெட்டி

அதோடு அவர் வயலுக்குப் போகவில்லை. முடியப்போகிற உலகத்தில் எதற்குக் கம்பு நடவேண்டும்? தினமும் கொட்டகைக்கு வந்தார். முதல் மழை பெய்துவிட்டது. இப்போது மரச்சீனிக் கம்பு நடாவிட்டால் நாலு பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு இல்லை. நாலாம் நாள் அவர் பின்னாலேயே மனைவி ஞானம்மாள் வந்தாள். படக் கதையை நாலு நாளாக வீட்டில் கேட்டவள். கையில் மண்வெட்டி. குடையோ கூடையோ எதுவானாலும் என்னிடம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவளும் வைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். படம் விட்டதும் தாசையாவை வாசலில் நிறுத்தினாள்.

"மேல போனவனைப் பாத்தியளா?"

"பாத்தேன்."

"வெறுங்கையோடயா நின்னான்?"

தாசையா என் பக்கத்தில் சாய்த்திருந்த மண்வெட்டியைப் பார்த்தார்.

"கொத்திட்டு நின்னவனைத்தானே எடுத்தாரு. கையைக் கட்டிட்டு நின்னவன் இஞ்சதானே கெடக்கான்."

அந்தப் படம் பார்த்து எத்தனை பேர் மனந்திரும்பினார்களோ எனக்குத் தெரியாது. ஞானம்மாள் மண்வெட்டியை எடுத்து அவர் தோளில் வைத்து, ஆளைப் பாறசாலை பஸ் நிற்கிற பக்கமாகத் திருப்பிவிட்டாள்.