சிஞ்ஞோரேயின் காரை இறக்கிய கதை

சிஞ்ஞோரே என்று நான் கூப்பிடுகிற இத்தாலியக் கிழவரின் வீட்டில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். சீசாப் பகுதியில் மூன்றாம் மாடி. சமைப்பேன், குளிப்பாட்டுவேன், மருந்து கொடுப்பேன், உதைபந்தாட்டத்தில் அவருடைய கட்சி தோற்றால் சேர்ந்து திட்டுவேன். என்னுடைய பெமெசோவை, இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வரிசையில் நின்ற நாட்களில்கூட, பத்து மணி மருந்தை மறந்துவிடாதீர்கள் என்று போனில் சொல்லிவிட்டுத்தான் என் இலக்கம் வரப் போவேன். அந்தளவுக்குக் கவனமான ஆள் நான். இதை முதலில் சொல்லிவைப்பது பெருமைக்காக இல்லை. கவனமில்லாதவன் செய்த பிழை என்று யாரும் எனக்காக இரங்கிவிடக்கூடாது.

அவருக்கு இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றியிருக்கிறது. இரண்டாவது ஒப்பரேசன் முடிந்து வந்தபோது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: முழங்காலைவிடப் பதிவான, உயரம் குறைந்த எதிலும் இவரை இருத்தாதே. நான் ஒரு தும்புத்தடியை எடுத்து, அவருடைய முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன். அந்தத் தடியைக் கொண்டு வீடு முழுக்க அளந்தேன். கதிரைகளின் காலுக்குக் கட்டை வைத்தேன். கட்டிலுக்குக் கட்டை. கழிப்பறைக்கு மேலே இன்னொரு இருக்கை. உன் வீடு வருடா வருடம் வளர்கிறதே என்று பக்கத்து வீட்டு சிஞ்ஞோரா சிரித்தாள். எனக்கும் அது பிடித்திருந்தது. அந்த வீட்டில் என் கைபட்ட எல்லாமே உயர்ந்திருந்தது.

இனிக் காரைப் பற்றி. சிஞ்ஞோரே இளம் வயதில் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். அமெரிக்காவில் வாங்கி, தன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு வந்த கார் அது. எட்டு சிலிண்டர், இரண்டே கதவு, கரும்பச்சை நிறம், நீளமான மூக்கு. முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணினால் மேல்மாடிகளில் உடுப்புக் காயப்போடுகிற பெண்கள் பரம்பரையை இழுத்துத் திட்டுவார்கள். ஆனால் அந்தக் காலத்துக் காரானபடியால் நல்ல உயரமாக நின்றது. முன்சீற்றில் ஒரு மெத்தையைப் போட்டால் என் தடி அளவுக்குச் சரியாக வரும். அவருடைய மருமகளின் காருக்குள் அவரால் இருக்க முடியாது, டாக்சியும் சரிவராது. உலகத்தில் அவர் ஏறக்கூடிய வாகனம் அந்த ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை மொண்டெல்லோக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கடலைப் பார்க்கக் காரை நிறுத்துவேன். அவர் இறங்கமாட்டார். உப்புப்போட்டு வறுத்த பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு அரை மணித்தியாலம் தண்ணீரைப் பார்ப்பார். பிறகு, போதும், சாப்பிடப் போவோம் என்பார். கிழமையில் அவர் வெளியே வருவது அவ்வளவுதான்.

போன வருடம் என் மகள் பெரியபிள்ளையானாள். சாமத்தியவீடு செய்யவேண்டும். இங்கே அது எப்படி நடக்கும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஒரு குடும்பம் பிள்ளையைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து இறக்கியது. இன்னொரு குடும்பம் ரயில்பெட்டி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கார் பிடித்தது. அதையெல்லாம் பார்த்து, உவங்களுக்கு விசர் என்று சொன்னவன் நான். சொல்லிக்கொண்டே மனதுக்குள் எங்கள் முற்றத்தில் நின்ற பச்சைக் காரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிஞ்ஞோரேயிடம் கேட்டேன். அவருக்கு என்னைவிடச் சந்தோசம். "பிள்ளை ராணி மாதிரி வரவேண்டும். நானும் முன்னால் இருந்து வருவேன்" என்றார். தன் லினன் கோட்டை அன்றைக்கே அலுமாரியிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னார்.

வீடியோக்காரத் தம்பி வந்து காரைச் சுற்றிப் பார்த்தான். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான்.

"அண்ணை, கார் திறமான கார். ஆனா மூக்கைத் தூக்கிக்கொண்டு நிக்குது. ரயரைப் பாருங்கோ, சைக்கிள் ரயர் மாதிரி. கொஞ்சம் பதிச்சு, பெரிய றிம் போட்டா வீடியோவிலை சும்மா மின்னும்."

போனில் படங்களும் காட்டினான். தரையோடு ஒட்டினமாதிரி நின்ற கார்கள். அதைப் பார்த்த பிறகு எங்கள் கார் எனக்குக் கிழடாகத் தெரிந்தது.

சிஞ்ஞோரேயிடம் சில்லு மாற்றப்போகிறேன் என்றேன். இறக்கப்போகிறேன் என்று சொல்லவில்லை. மாற்று மாற்று, உனக்குத் தெரியாததா என்றார்.

சீசாவில் பின்தெருவில் இருக்கும் மெக்கானிக்கும் நானுமாக ஒரு சனிக்கிழமை முழுக்க வேலை செய்தோம். முன்பக்கத்தில் பழைய ஸ்பிரிங்கை இடுக்கிபோட்டு நெருக்கிக் கழற்றி, கட்டையான ஸ்பிரிங் வைத்தோம். பின்பக்கத்தில் தகட்டு வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு அலுமினியக் கட்டையைச் செருகி முறுக்கினோம். கதிரைக்குக் கீழே கட்டை வைத்தால் கதிரை உயரும், இங்கே கட்டை வைத்தால் கார் இறங்கும் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அகலமான புது றிம் மட்காட்டில் முட்டியது. உள்விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடக்கினோம். ஜாக்கிலிருந்து இறக்கியபோது கார் உண்மையிலேயே அழகாக இருந்தது. அதை நான் மறுக்கமாட்டேன்.

புதுச் சில்லுக்குத் தேசிக்காய் வைத்து மிதிக்கவேண்டும் என்று, கபோச் சந்தையில் வாங்கிய நாலு பெரிய எலுமிச்சம்பழத்தைச் சில்லுகளுக்குக் கீழே வைத்தேன். மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எல்லாச் சடங்கையும் ஒழுங்காகச் செய்தேன்.

பிறகு மனைவி கேட்டபோது, யோசிக்கவில்லை என்று சொன்னேன். சிஞ்ஞோரேயின் மருமகளிடமும் அதையேதான் சொன்னேன். அது பொய். எலுமிச்சம்பழத்தை நசுக்கிய கையோடு, டிரைவர் சீற்றில் இருந்தபடி இறங்கக் காலைத் தரையில் ஊன்றியபோது என் முழங்கால் நெஞ்சுப் பக்கமாக வந்தது. அந்த நிமிடமே சிஞ்ஞோரே நினைவுக்கு வந்தார். அளக்கிற தடி எப்போதும் டிக்கிக்குள்தான் கிடக்கும். பழைய சில்லுகளை வைக்க இடம் வேண்டுமென்று காலையில் நான்தான் அதை எடுத்துச் சுவரோடு சாத்தியிருந்தேன். இரண்டு எட்டு வைத்தால் எடுக்கலாம். நான் எடுக்கவில்லை. அளந்தால் தெரிந்துவிடும் என்று எடுக்கவில்லை. இன்னொரு மெத்தை போட்டால் சரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

சடங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் தொடங்கும், அதற்கு முந்திப் பிள்ளை மண்டபத்துக்குள் கால் வைக்கவேண்டும் என்பது என் மாமியாரின் கட்டளை. சிஞ்ஞோரே லினன் கோட்டும் தொப்பியுமாகக் கீழே வந்தார். காரைப் பார்த்து வாய்விட்டு, "அழகு" என்றார். பிறகு முன்கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். என்னையும் பார்த்தார்.

இரண்டு மெத்தை போட்டேன். தலை கூரையில் முட்டியது. தொப்பியைக் கழற்றினார், அப்படியும் முட்டியது. ஒரு மெத்தையை எடுத்துவிட்டு, கக்கத்தில் பிடித்து மெல்ல இறக்கினேன். கடைசி ஒரு சாண் உயரம் என் கையில் நிற்கவில்லை. தொப்பென்று விழுந்தார். அவர் வாயிலிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. "தோணியில் இருக்கிறமாதிரி இருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார். பின்சீற்றில் என் மகள், சேலையும் நகையும் பூவுமாக அசையமுடியாமல் இருந்தாள். பக்கத்தில் அவளுடைய மாமி.

ஒரேத்தோப் பக்கம் இருக்கிற மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாலேகால் தாண்டிவிட்டது. கம்பளம் விரித்திருந்தது. ஆலாத்தித் தட்டோடு பெண்கள், ஸ்பீக்கர்ப் பெட்டியில் நாதஸ்வரம், இரண்டு கமரா. எல்லாம் வலது பக்கம். சிஞ்ஞோரே இருந்ததும் வலது பக்கம். இரண்டு கதவுக் காரில் முன்னால் இருப்பவர் இறங்கிச் சீற்றை மடக்கினால்தான் பின்னால் இருப்பவர் இறங்கலாம்.

அவர் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். "ஒரு நிமிடம் தா" என்றார்.

பிள்ளையை என் பக்கக் கதவால் இறக்கியிருக்கலாம். என் சீற்றை மடக்கி, சுற்றிக் கூட்டிவந்திருக்கலாம். கால் மணித்தியாலம் பிந்தினாலும் வானம் இடிந்து விழுந்திருக்காது. எல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் கமரா அந்தப் பக்கம். மாமியார் மணிக்கூட்டைக் காட்டிக்கொண்டு நின்றார். நூறு கண் என்னைப் பார்த்தது. நான் மச்சானையும் இன்னும் மூன்று பேரையும் கூப்பிட்டு, "தூக்குங்கோ, கெதியா" என்றேன்.

இரண்டு பேர் கக்கத்தில், இரண்டு பேர் காலில். அரிசி மூட்டை இறக்குகிறமாதிரி இழுத்தார்கள். இடுப்பு மடங்கக்கூடாத பக்கமெல்லாம் மடங்கியது. வெளியே கொண்டுவந்து நிறுத்தியபோது லினன் காற்சட்டையின் முன்பக்கம் நனைந்து, அந்த ஈரம் சப்பாத்துவரை இறங்கிக்கொண்டிருந்தது. நாதஸ்வரம் நிற்கவில்லை. பின்சீற்றிலிருந்து மகள் இத்தாலியனில், "பப்பா, அவரை விடுங்கள்" என்றாள். எல்லாம் முடிந்த பிறகுதான் அது என் காதில் ஏறியது.

நாலு இருபத்தேழுக்கு அவள் கால் மண்டபத்துக்குள் பட்டது. நேரம் தப்பவில்லை.

நான் மேடையில் நின்றேன். யாரோ சிஞ்ஞோரேயைச் சமையலறைப் பக்கமாகக் கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் பதிவான கதிரை. அதனால் அவர் கோட்டால் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறார். கண்டது என் மனைவிதான். கூறைச்சேலையோடு ஓடிப்போய், மூன்று கதிரையை ஒன்றுக்குமேல் ஒன்றாக அடுக்கி அவரை இருத்தினாள்.

"எட்டு வருசமா அந்த மனுசனைப் பாக்கிறியள்," என்று அவள் மேடைக்குப் பின்னால் வைத்து என்னிடம் சொன்னாள். "மூண்டு கதிரையை அடுக்க உங்களுக்கு நேரமில்லாமல் போச்சோ?"

"ஓம்" என்றேன்.

அவரைத் திரும்பக் கொண்டுபோனது ஒருவரின் மரக்கறி வான். அதன் சீற் உயரம். பெட்டியை மிதித்து அவராகவே ஏறினார். தன் காரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு, களைப்பாக இருக்கிறது என்றார். வாய்ப்பேச்சுக்குக்கூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமை நானும் மெக்கானிக்கும் கட்டைகளை எடுத்து, துருப்பிடித்த பழைய ஸ்பிரிங்குகளையும் பழைய சில்லுகளையும் திரும்பப் போட்டோம். இந்த முறை முதல் வேலையாகத் தடியைக் கொண்டுபோனேன். மெத்தையோடு அளவு மயிரிழை பிசகவில்லை. மேலே வந்து சொன்னேன். "நல்லது, நாளைக்கு வேண்டாம், அடுத்த ஞாயிறு போவோம்" என்றார். பூசணி விதை வாங்கிவை என்றும் சொன்னார். அன்றைக்கு நான் பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தேன்.

வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. பிள்ளை வருவதைப் பார்க்கவேண்டும், போடு என்றார். கட்டை வைத்த கதிரையில் அவர் இருக்க, பக்கத்தில் நான் நின்றேன். கார் முற்றத்திலிருந்து புறப்பட்டது. சில்லு மின்னியது. மெதுவாகத் தெருவில் மிதந்து வந்தது. கார் மண்டபத்தில் நிற்கிறது. அடுத்த காட்சியில் பிள்ளை கம்பளத்தில் நிற்கிறாள். அந்த இரண்டுக்கும் நடுவே ஒன்றும் இல்லை. சிஞ்ஞோரே முன்னால் இருந்த ஒரு துண்டுகூட இல்லை. அவரை வெட்டிவிடச் சொன்னது நான்தான். அவருடைய மானத்துக்காக என்று வீடியோக்காரத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் என் கூச்சத்துக்காக.

கடைசிவரை பார்த்தார். முடிந்ததும், திரும்பவும் முதலிலிருந்து போடச் சொன்னார். அதையும் கடைசிவரை பார்த்தார்.

"நான் எங்கே?" என்று கேட்டார்.

கமராவில் விழவில்லைப் போல என்றேன். அவர் தலையாட்டினார்.

ஞாயிறு காலையில் கோட்டை எடுத்துக்கொண்டு, விதைப் பொட்டலத்தைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். கார் உயரமாகத்தான் நிற்கிறது, நானே அளந்தேன் என்றேன். அவர் மேசையில் கிடந்த கார்த் திறப்புக்கொத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நீ ஓட்டிக்கொண்டு போ. வீடியோவில் பார்த்தேன்தானே, நான் இல்லாமல் அது நன்றாகத்தான் ஓடுகிறது" என்றார்.