பாவம் பாடமாக்கவில்லை

மகளின் மறைக்கல்விக் கொப்பியில் சிவப்பு மையால் ஒரு குறிப்பு வந்திருந்தது. "பிள்ளை இன்னும் பாவம் பாடமாக்கவில்லை. இப்படியே போனால் இந்த முறை முதல் நன்மைக்கு எடுக்க முடியாது. பெற்றோர் கவனிக்கவும்."

நான் அதை மூன்று தரம் வாசித்தேன். வாய்ப்பாடு பாடமில்லை என்றால் விளங்கும். விசுவாச மந்திரம் பாடமில்லை என்றாலும் தலையைக் குனிந்துகொண்டு ஒத்துக்கொள்வேன், அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நான். ஆனால் பாவத்தை எப்படிப் பாடமாக்குவது? பிள்ளைக்கு ஒன்பது வயது. செய்தது இன்னதென்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சாமியாரிடம் சொல்லிவிட்டு வரவேண்டியதுதானே? அன்று முழுவதும் எனக்குக் கோபம் இறங்கவே இல்லை.

பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த முதல் நன்மைக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. அதற்கு முதல் நாள் சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் தனியே போய்ப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. கனடாவில் இருக்கும் என் தங்கச்சி வெள்ளைச் சப்பாத்தும் தலைக்கு முக்காடும் அனுப்பியிருந்தாள். இந்த முறை விட்டால் மகள் ஒரு வருடம் காத்திருந்து, தன்னிலும் சின்னப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்க வேண்டும். அதைவிட, 'உனக்குத் தகுதியில்லை' என்று அந்த வயதில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டால், பிறகு அவள் கோயில் வாசலை மிதிப்பாளோ? அதுதான் என் பயம். எங்கள் குடும்பத்திலேயே அப்படி வெளியே போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கலியாணத்துக்கும் சாவுக்கும்தான் கோயிலில் காணலாம்.

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "டீச்சர் என்னத்தைப் பாடமாக்கச் சொன்னவா?"

"பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறதுக்குப் பத்துப் பாவம் எழுதின தாள். நான் கிழிச்சு எறிஞ்சிட்டன்."

"ஏன்?"

"அதில உள்ளது நான் செய்யாதது. நான் செய்தது அதில இல்லை."

செய்தது என்னவென்று நான் கேட்கவில்லை. அவளே அழுதுகொண்டு சொல்லிவிட்டாள். மன்னார்ப் பட்டினத்துக் கழுதைகளுக்கு எங்கள் ஒழுங்கையும் ஒரு போக்கிடம். வீட்டு வாசலில் வைக்கிற கழுநீரைக் குடிக்க ஒரு தாய்க் கழுதையும் குட்டியும் வரும். ஒரு நாள் நான் வேலைக்குக் கந்தோர் போயிருந்த நேரம், குட்டி மட்டும் உள்ளே வந்ததும் மகள் படலையைச் சாத்தியிருக்கிறாள். விளையாட ஆசை. தாய் வெளியே நின்று பின்னேரம் வரை கத்தியிருக்கிறது. பக்கத்து வீட்டார் கேட்டதற்கு, குட்டி தானாக மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருக்கிறாள்.

"அது அழுதது அம்மா. நான் கேட்டுக்கொண்டே இருந்தனான்."

இதை அவள் மறைக்கல்வி வகுப்பில் சொல்லியிருக்கிறாள். "அது குறும்பு, பாவமில்லை. தாளில உள்ளதைச் சொல்லுங்கோ" என்று டீச்சர் சொல்ல, வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். அன்றிலிருந்து அவளுக்குப் பெயர் 'கழுதைப் பாவம்'.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பிரசங்கத்தில் கேட்கிறோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை, மனச்சாட்சி இல்லை, கையில் போன் மட்டும்தான் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் பெற்றோர்தான் காரணம். நாங்களும் குற்றவாளிகளைப்போல வாங்கில் குந்திக்கொண்டு கேட்கிறோம். இதோ ஒரு பிள்ளை மனச்சாட்சியோடு வந்து நிற்கிறது. ஒரு வாயில்லாப் பிராணியின் அழுகை அவள் காதை விட்டுப் போகவில்லை. அவளுக்கு நாங்கள் கொடுக்கிறது என்ன? பத்து வரித் தாள். அதைக் கிளிப்பிள்ளைபோல ஒப்புவிக்க வேண்டும். ஒப்புவித்தால் வெள்ளைச் சட்டை, கேக், படம் எடுக்கிற ஆள், வீட்டில் பிரியாணி. ஒப்புவிக்காவிட்டால் சிவப்பு மை. பிறகு, பிள்ளைகள் ஏன் கோயிலை விட்டுப் போகிறார்கள் என்று கூட்டம் போட்டுக் கதைப்போம்.

மீன்பிடிக்கப் போய்க் கடலால் வந்த என் மனுசனிடம் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "உமக்கேன் இந்த வேலை? பத்தையும் சொல்லிப்போட்டு வரச் சொல்லும். நான் வருசா வருசம் அதே மூண்டைத்தான் சொல்லுறன். சாமியார் ஒண்டும் கேக்கிறேல்லை."

அந்த மூன்றும் என்னவென்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.

புதன்கிழமை பின்னேரம் கோயில் மண்டபத்தில் முதல் நன்மைப் பயிற்சி. கந்தோரில் நேரத்தோடு அனுமதி கேட்டு, மகளையும் இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகள் இரண்டு வரிசையாகக் கைகூப்பி நடந்து பழகிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்றால் பெரிய ஆள் இல்லை, உயர்தரம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளை. சம்பளம் இல்லாமல்தான் படிப்பிக்கிறாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விடவில்லை.

"தங்கச்சி, என்ர பிள்ளை பாவம் பாடமாக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறீர். பாவம் என்ன, வாய்ப்பாடோ?"

"கோவிக்காதேங்கோ அக்கா. சும்மா உள்ளுக்க விட்டால் பிள்ளையள் வாயே திறக்காதுகள். போன முறை ரெண்டு பேர் அழுதுகொண்டு வெளியில ஓடி வந்ததுகள். தாள் இருந்தால் பயமில்லை."

"அதுக்காகச் செய்யாததைச் செய்தன் எண்டு சொல்லுறதோ? பொய் சொல்லக்கூடாது எண்டு எட்டாம் கட்டளை படிப்பிச்சனீங்கள்தானே?"

"உங்கட மகள் கழுதையைப் பற்றித்தான் சொல்லுவன் எண்டு நிக்கிறா. பாதருக்கு முன்னால கழுதைக் கதையோ அக்கா?"

"ஏன், ஆண்டவர் எருசலேமுக்கு மோட்டார் சைக்கிளிலயோ போனவர்?"

வரிசையில் யாரோ ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்தது. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கோ வெற்றி தலைக்கேறிவிட்டது. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? "எங்க, அந்தத் தாளைத் தாரும். இந்தப் பிள்ளையள் அப்பிடி என்ன பாவம் செய்துதுகள் எண்டு நானும் பாப்பம்" என்று வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசிக்கத் தொடங்கினேன்.

"ஒண்டு. காலை மாலை செபம் சொல்லாமல் விட்டேன். ரெண்டு. பெற்றோருக்குக் கீழ்ப்படியவில்லை. மூண்டு. பூசை நேரம் பராக்குப் பார்த்தேன்."

நான் நக்கலாகத்தான் வாசித்தேன். பிள்ளைகளுக்கு அது எங்கே தெரியும்? பழக்க தோசத்தில் நாலாவதிலிருந்து அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து, ஆறு. நான் வாய் திறக்குமுன்பே ஏழாவதை முப்பது குரல்கள் ராகத்தோடு சொல்லி முடித்தன.

"தங்கச்சியின் நத்தார்ப் பலகாரத்தில் பாதியைத் தின்றுவிட்டு, எலி தின்றது என்று சொன்னேன்."

எட்டாவதை நான் வாசிக்கவில்லை. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அது என் பாவம். கதைக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே என்னுடையது.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். சண்டையால் இடம்பெயர்ந்து திரும்பி வந்திருந்த காலம். இந்த டீச்சரின் வயதில் நானும் இதே மண்டபத்தில் மறைக்கல்வி படிப்பித்தேன். பிள்ளைகள் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் போய் ஊமைபோல நிற்கிறார்கள், ஏதாவது எழுதிக் கொடுங்கோ என்று அப்போதிருந்த சுவாமியார் சொன்னார். செபப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். ஒன்பதுதான் வந்தது. கட்டளை பத்து, ஆகவே பாவமும் பத்தாக வரவேண்டும் என்று எனக்கொரு பிடிவாதம். ஒன்று குறையத்தான் என்னுடையதைத் தூக்கி நடுவில் போட்டேன். பிறகு கலியாணம், வேலை, அந்தத் தாளை மறந்தே போனேன். அது என்னை விட்டுவிட்டுத் தன்பாட்டில் போயிருக்கிறது. கையெழுத்து மறைந்து, யாரோ கணினியில் அடித்து, வருடா வருடம் போட்டோக் கொப்பி எடுத்து, இப்போது என் மகளின் கைக்கே வந்து, அவள் அதைக் கிழித்து எறிந்திருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது. எனக்கு என் முதுகை முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாடிக் காட்டினார்கள்.

"தங்கச்சி, இது என்ர பாவம்" என்றேன்.

"எல்லாரின்ர பாவமும்தானே அக்கா" என்றாள் அவள், இன்னும் முறைத்தபடி.

"இல்லை. இந்த ஏழாவது. இது நான் செய்தது. இந்தத் தாள் நான் எழுதினது."

அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதுவரை மரியாதைக்கு அடங்கியிருந்த கோபம் அவளுக்கு அப்போதுதான் வெளியே வந்தது.

"அப்ப நீங்களோ அக்கா? எனக்கும் இதைத்தான் படிப்பிச்சவை. எனக்குத் தங்கச்சி இல்லை. சொல்லிப்போட்டு வீட்டை போய், எனக்கொரு தங்கச்சி இருந்து செத்துப்போச்சோ எண்டு அம்மாவைக் கேட்டனான். ஏன் கேக்கிறாய் எண்டு அம்மா அழுதவா."

சண்டையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த இந்த ஊரில் அப்படி ஒரு கேள்வி எந்த வீட்டில் என்னத்தைக் கிளறும் என்று யோசிக்காமல், பத்து ஆகவேண்டும் என்பதற்காக ஒரு வரி எழுதியிருக்கிறேன். பிரசங்கத்தில் என்னைத் திட்டினார்கள் என்று எரிந்துகொண்டு வந்தவள், திட்டு போதாது என்று அந்த இடத்திலேயே நினைத்தேன். இல்லாத தங்கச்சியின் இல்லாத பலகாரத்தை எத்தனை பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள்! எத்தனை பேருக்கு, கடவுளிடம் போவதென்றால் யாரோ எழுதித் தந்த பொய்யைச் சொல்வது என்று பழக்கிவிட்டேன்!

மன்னிப்புக் கேட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி அக்கா, உங்கட மகள் தன்ர பாவத்தையே சொல்லட்டும். பாதர் கேட்டால் நீங்கள்தான் வந்து மறுமொழி சொல்லவேணும்" என்றாள். மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் கதைத்ததில் கழுதையைச் சொல்லலாம் என்பது மட்டும்தான் அவளுக்கு விளங்கியது.

சனிக்கிழமை பின்னேரம் வந்தது. பிள்ளைகள் நாலாக மடித்த தாளோடு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் உள்ளே போவதும், வாய் அசைவதும், வெளியே வருவதும் ஒரே அளவான நேரம். என் மகள் வெறுங்கையோடு போனாள். அவள் வெளியே வரச் சுணங்கியது. பின்னால் நின்ற பிள்ளைகள் நெளியத் தொடங்கினார்கள். டீச்சர் என்னைப் பார்த்தாள், நான் செபமாலையைப் பார்த்தேன். ஒருவழியாக வந்தவளின் முகம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே போய் முழங்காலில் இருந்தாள்.

பிள்ளைகள் எல்லாம் முடிந்தபின் நானும் போனேன். போகத்தான் வேண்டும். அந்த ஏழாவதை ஊரில் இத்தனை பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். செய்த நான் மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. சின்ன விசயம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். வரியில் எழுதாமல் விட்ட மிச்சத்தையும் அன்று சொன்னேன்.

வெளியே வந்ததும் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா சொன்னீங்கள்?"

"அதைக் கேக்கக்கூடாது" என்றேன். பிறகு, இவளிடமும் மறைப்பதா என்று நினைத்து, "ஏழாவது" என்றேன்.

அவள் கையை உதறினாள். "தாளைப் பாத்தோ சொன்னீங்கள்? எனக்குச் செய்யாததைச் சொல்லாதே எண்டுபோட்டு!"

கோயில் வளவிலேயே நின்று அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பலகாரப் பேணியைப் பற்றி, எலியைப் பற்றி, பிறகு தாளில் இல்லாததைப் பற்றியும். பேணியை மூடாமல் விட்டதால்தான் எலி வந்தது என்று அப்பா என் தங்கச்சிக்கு அடித்தார். அவளுக்கு அப்போது ஐந்து வயது. மூடினேன் மூடினேன் என்று சொல்லிச் சொல்லி அடி வாங்கினாள். நான் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் போடவென்று கனடாவிலிருந்து சின்னம்மா அனுப்பிய சப்பாத்தை, மகள் பழக்குவதற்கென்று அன்றே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். குனிந்து அதையே பார்த்தாள்.

"பாவம் சின்னம்மா" என்றாள்.

பிறகு என் கைப்பையைத் திறந்து போனை எடுத்து நீட்டினாள்.

"அங்க இப்ப விடிஞ்சிருக்கும். எடுத்துச் சொல்லுங்கோ."