பின்வாசல் வேப்பிலை

பிள்ளைகள் காப்பகத்தில் எனக்குச் சோப்பு டீச்சர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் காப்பகத்துக்காரம்மா அவசரமாகக் குழாயடிக்குப் போய்ச் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். பார்க்கட்டும் என்றுதான் நானும் விட்டிருந்தேன்.

வண்ணார்பேட்டையில், பேருந்துகள் காது கிழிய ஹாரன் அடித்துத் திரும்புகிற சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்தது அந்தக் காப்பகம். ஒரு பெரிய கூடம், ஒரு தூளி, சுவரில் ஒரு வாழைப்பழப் படம், அதைவிடச் சின்னதாக வரைந்த யானை. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற நேரமெல்லாம் என் மகன் அங்கேதான் இருந்தான். நான்கு வயது. சிறுநீரில் புரதம் இறங்கிவிடுகிற நோய் அவனுக்கு. காலையில் எழுந்து அவன் இமை வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை, பல் தேய்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. நோயை அடக்க ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரை நோயோடு சேர்த்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் மூக்கு ஒழுகினால் இவனுக்கு மூன்று வாரம். நான் சோப்பு டீச்சர் ஆனது சும்மா இல்லை.

இதில் எனக்குத் துணையாக நின்றவள் ஒருத்திதான். என் பள்ளிக்கூடத்திலேயே வேலை பார்க்கிறவள், என்னைவிட நான்கைந்து வயது இளையவள். அவள் மகளும் அதே காப்பகத்தில். எல்லாப் பிள்ளைகளும் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து நான் சண்டைக்குப் போனபோது, "யக்கா, நீங்க சத்தம் போடாதிய, நான் பைய சொல்லுதேன்" என்று என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, காப்பகத்துக்காரம்மாவிடம் சிரித்துச் சிரித்துப் பேசி, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி டம்ளர் வாங்க வைத்தாள். டம்ளர்களில் அவளே நெயில் பாலிஷால் படம் வரைந்தாள். அவள் மகளுக்குக் கிளி, என் மகனுக்கு ஆமை. ஆமை ஏன் என்று கேட்டதற்கு, "மேல ஓடு இருக்குல்லாக்கா, ஒண்ணும் அண்டாது" என்றாள். அன்றைக்கு அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். என் மகன் அவளைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான்.

மருத்துவரிடம் போகும்போதும் பெரும்பாலும் அவள்தான் கூட வருவாள். என் கணவருக்கு வேலை உடன்குடிப் பக்கம், வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. மருத்துவர் ஒருநாள் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "மாத்திரை முடியுற வரைக்கும் இவனுக்கு அம்மைத் தடுப்பூசி போட முடியாது. அதனால அம்மை உள்ள பிள்ளையோட ஒரே அறையில இருந்தான்னு தெரிஞ்சா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. பாதுகாப்புக்கு ஒரு ஊசி இருக்கு, சீக்கிரம் போட்டாத்தான் பிரயோசனம். கொப்புளம் வந்த பிறகு வந்தா என் கையில ஒண்ணும் இல்ல." என்னைவிட அவள்தான் அதிகம் கேள்வி கேட்டாள். காற்றிலேயே பரவுமா, கொப்புளம் வருவதற்கு முன்பே தொற்றுமா, பொருக்கு எல்லாம் காய்கிறவரை ஒதுங்கியிருக்க வேண்டுமா என்று ஒன்று விடாமல் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும் என் தோளைத் தட்டி, "காப்பகத்துல யாருக்காவது ஒரு புள்ளி தெரிஞ்சாலும் உங்களுக்கு மொதல்ல நான் சொல்லுதேன்" என்றாள்.

ஆண்டுத் தேர்வு நேரம். வெயில் மண்டையைப் பிளந்தது. யாருக்கும் விடுப்பு கிடையாது என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்தத் திங்கள்கிழமை அவள் மகள் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்து வரைக்கும் பவுடர் அப்பிக்கொண்டு காப்பகத்துக்கு வந்தாள். அந்த வெயிலில் முழுக்கை! பவுடருக்கு அடியில் சிவப்பாக இரண்டு மூன்று தெரிந்தன.

"பிள்ளைக்குக் கழுத்துல என்னட்டி?" என்றேன்.

"வேர்க்குருக்கா. வெயில் என்ன காய் காயுது!" என்றாள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பார்வையை எங்காவது திருப்பியிருந்தாலாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

காப்பகத்துக்காரம்மாவும் கேட்டாராம், அவரிடமும் வேர்க்குருதான். டீச்சரே சொல்லிவிட்டார், அப்புறம் அவர் என்ன செய்வார்? நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். சாயங்காலம் கடைக்குப் போய் வேர்க்குரு பவுடர் ஒரு டப்பா வாங்கி அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்" என்றுகூடச் சொன்னாள். இன்றைக்கும் அந்த டப்பாவைக் கடையில் பார்த்தால் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

வாரத்தின் நடுவில் அவள் மகள் வருவது நின்றது. ஊரிலிருந்து நாத்தனார் வந்திருக்கிறாள், பிள்ளை அவளோடு இருக்கிறாள் என்றாள். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம்?

அடுத்த வாரக் கடைசியில் எங்கள் வீட்டு மரத்து மாங்காய்களைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். நல்லவேளையாக மகனை என் கணவரிடம் விட்டிருந்தேன். அவள் வீட்டு முன்கதவைத் தட்டிக் காத்திருக்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பக்கத்துச் சந்தில் போய்ப் பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்துவிடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் போனேன்.

பின்வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

கட்டி நாளாகியிருக்க வேண்டும், இலை சுருண்டு கறுத்திருந்தது. மஞ்சள் தடவிய நூலால் அழகாகக் கட்டியிருந்தாள். முற்றத்தில் வெயில் படுகிற இடத்தில் ஒரு அண்டாத் தண்ணீர், அதில் வேப்பிலையும் மஞ்சளும். பக்கத்தில் மணைப்பலகையில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். முதுகெல்லாம் காய்ந்த பொருக்கு. நாத்தனார் செம்பை எடுத்துக்கொண்டே, "மூணாம் தண்ணி ஊத்திட்டா அம்மா எறங்கிருவா, அழாத" என்று பிள்ளையைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

நான் மிஷன் வழிக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் யாரும் வேப்பிலை கட்டியதில்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. ஆனால் மூணாம் தண்ணி என்றால் அம்மை வந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். முழுக்கைச் சட்டையும் பவுடரும் அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டன.

அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள் என்னைப் பார்த்துப் பதறிப்போய்க் கத்தினாள்.

"யக்கா, உள்ள வராதிய! பிள்ளை இருக்க வீட்டுக்காரவுக, உள்ள வராதிய!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரிப்புத்தான் வந்தது. அவள் வீட்டுக்குள் நான் வரக்கூடாதாம்!

"முன்வாசல்ல ஏன் கட்டல?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"முன்னால கட்டுனா தெரு பூரா தெரிஞ்சிரும்லாக்கா. காப்பகத்துல சேக்கமாட்டாவ. எனக்கு லீவு ஒண்ணுகூடக் கெடையாது, நாத்தனாளையே கையில கால்ல விழுந்துல்ல வரவச்சிருக்கேன். கட்டாமலும் இருக்க முடியாது, அம்மா கோவிச்சுக்கிட்டா பிள்ளைக்குல்ல ஆகும்." அழ ஆரம்பித்துவிட்டாள். "மொதல்ல ரெண்டே ரெண்டுதான்க்கா இருந்துது. லேசாத்தான் வந்துருக்குன்னு நெனச்சேன்."

லேசாக வந்தால் லேசாகத்தான் பரவும் என்று படித்த டீச்சர் நினைத்தாள். இல்லை, நினைக்கவில்லை. அவளுக்குத் தெரியும். மருத்துவரிடம் கேட்டவளே அவள்தானே? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மகனை அன்றைக்கே நிறுத்தியிருப்பேன், ஊசி போட்டிருப்பேன். அவள் தேர்வு அறையைச் சேர்த்துப் பார்க்கவும் யாரையாவது பிடித்திருப்பேன், அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. மாங்காய்ப் பையை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், மகனையும் கணவரையும் ஏற்றிக்கொண்டு மருத்துவரிடம் போனேன்.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஊசிக்கான நேரம் தாண்டிருச்சும்மா. மருந்து ஆரம்பிக்கலாம், பாப்போம்" என்றார். கணவர் என் முகத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார். நான் வீட்டுக்கு வந்து, பிரயோசனம் இல்லை என்று தெரிந்தும், காப்பகத்திலிருந்து வந்த துணி, பை, ஆமை டம்ளர் எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். ஆமையின் ஓடு உரிந்துபோனது.

அதற்கடுத்த வாரம் அவன் வயிற்றில் முதல் கொப்புளம் வந்தது. பிறகு எண்ண முடியாத அளவுக்கு வந்தன. வாய்க்குள், இமைக்குள், தலைமுடிக்குள். நுரையீரலுக்கும் போனது. தனி அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். கையைத் தேய்த்துக் கழுவி, மேலங்கி போட்டு, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நான்கு வயதுப் பிள்ளைக்கு அம்மாவின் கண் மட்டும்தான் தெரிந்தது. "சித்தி எங்கம்மா?" என்று கேட்டான். மூச்சு வாங்க வாங்க அதைக் கேட்டான். அந்த நேரத்தில் அவள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை ஜெபத்தில்கூட என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

பிழைத்துவிட்டான். அதைச் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபோது முதுகில் சில பொருக்குகள் இன்னும் உதிரவில்லை. எல்லாம் காய்ந்துவிட்டது, இனி பயமில்லை என்று மருத்துவர் சொன்னார். எனக்கு அது போதவில்லை. வந்த அன்றே பக்கத்து வீட்டு வேம்பில் ஒரு கிளை ஒடித்து, எங்கள் முன்வாசல் கேட்டில், தெருவில் போகிற வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி கட்டினேன்.

கணவர் திகைத்துப்போனார். "என்னட்டி இது, நம்ம வீட்டுல வேப்பிலை? சபையில பாத்தா என்ன சொல்லுவாவ?"

"வீட்டுல அம்மை இருக்குன்னு சொல்லுவாவ," என்றேன். "அதுக்குத்தான் கட்டுதேன்."

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்காக ஜெபிக்க வந்த சபைப் பெண்கள் கேட்டைப் பார்த்துவிட்டு, எனக்காக ஜெபிப்பதா என் விசுவாசத்துக்காக ஜெபிப்பதா என்று தெரியாமல் தெருவிலேயே நின்று இரண்டுக்கும் சேர்த்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். இருவர் கையில் பிள்ளைகள் இருந்தார்கள். உள்ளே வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் அவள் வந்தாள். கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம், என் மகனுக்குப் பிடித்தது. கேட்டருகே வந்தவள் வேப்பிலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். கைகூப்பிக் கண்ணை மூடினாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முணுமுணுவென்று என்னவோ வேண்டினாள்.

கதவைத் திறந்து வாசற்படியில் நின்றேன்.

"அது கும்பிடுததுக்குக் கட்டுனது இல்ல," என்றேன். "தெருவுக்குச் சொல்லுததுக்குக் கட்டுனது."

"மன்னிச்சிருங்கக்கா. தெனமும் அம்மாகிட்ட அழுதேன்க்கா. உங்க பிள்ளைக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு மொத நாளே அவகிட்ட சொல்லிட்டேன்."

"அவகிட்டச் சொன்ன. என்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அவ யாருகிட்டயும் சொல்லமாட்டால்லாக்கா."

உள்ளே படுத்திருந்தவனுக்கு அந்தக் குரல் எட்டிவிட்டது. "அம்மா, யாரு? சித்தியா வந்துருக்காவ?" என்று கூப்பிட்டான். நோய்க்குப் பிறகு அவ்வளவு சத்தமாக அவன் பேசியது அதுதான் முதல் தடவை.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இல்லய்யா," என்றேன், அவளைப் பார்த்துக்கொண்டே. "தெருவுல போறவுக. வேப்பிலையைப் பாத்துட்டு நிக்காவ."

மிட்டாய்ப் பொட்டலத்தைக் கேட் தூணின் மேல் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள்.